ஏழேகால் அங்குலம்

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் தேதி திங்கட்கிழமை, கள்ளக்குறிச்சி சங்கராபுரம் சாலையில் உள்ள ஒரு கடைசல் பட்டறையில், ஒன்பது அங்குல உயரமுள்ள வாகைக் கட்டைக்குள் பதினோரு அடி நீளமுள்ள உளி இறங்கியது. அதன் முனை மறுபக்கம் வரவில்லை.

உளியைப் பிடித்திருந்தவர் தங்கதுரை. வயது ஐம்பத்து நான்கு. கட்டில் கால், ஊஞ்சல் கம்பு, மத்து, பூரிக்கட்டை என்று முப்பத்தோரு வருடமாகக் கடைந்து வருபவர். அகன்ற வாயுள்ள கிண்ணங்களையும் நேர் உளியாலேயே குடைந்துவிடுவார். வாய் குறுகி வயிறு பருத்த மரப்பானை மட்டும் அவர் செய்யாதது. நேர் உளி உள்ளே போனால் திரும்பாது. அதற்குக் கழுத்து வளைந்த உளி வேண்டும் என்று கைப்பேசியில் வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தவன் அவருடைய ஒரே மகன் சரத்குமார். டிப்ளமோ முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போகும் முன் ஒரு வருடம் பட்டறையில் நின்றான். பழைய உளிகளைப் பழுக்கக் காய்ச்சி வளைத்து அந்த ஒரு வருடத்தில் பதினோரு பானைகள் குடைந்தான். பதினொன்றும் அடியில் ஓட்டை.

பானை குடைகிறவனுக்கு உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. காதை நம்பித்தான் வேலை. மரம் தடிமனாக இருக்கும்வரை சத்தம் கனத்து வரும். சுவர் மெலிய மெலிய அது கூர்மையாகும். கூர்மையானதும் கையை எடுத்துவிட வேண்டும். சரத்குமார் எடுக்கமாட்டான். இன்னும் ஒரே ஒரு இழுப்பு என்று அமுக்குவான், உளி மரத்தைக் கடிக்கும், அடி பிய்ந்து பட்டறை வெளிச்சம் உள்ளே தெரியும். பதினோராவது பானையைத் தங்கதுரை எட்டி உதைத்தார். "கைய எடுக்கத் தெரியாதவன் உளியத் தொடாத" என்றார். "நல்ல உளியா இருந்தா எடுக்கத் தெரியும்பா" என்று சொல்லிவிட்டு மகன் ஓசூருக்குப் பஸ் ஏறினான். அதன்பின் நாற்பது நாட்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அம்மாவிடம் பேசும்போது ஒவ்வொரு முறையும் அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்பான். இருக்கிறார் என்று அம்சவள்ளி சொல்வார். தங்கதுரை வீட்டை ஒட்டிய பட்டறைக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிடுவார்.

நாற்பத்தோராவது நாள், செப்டம்பர் மாதம், ஊருக்கு வந்துகொண்டிருந்த சரத்குமாரின் பைக் தியாகதுருகம் புறவழிச்சாலையில் ஒரு டிராக்டரின் பின்னால் மோதியது. அவனுக்கு வயது இருபத்து நான்கு. ஒன்பதாம் நாள், அவன் ஆன்லைனில் வாங்கியிருந்த ஒரு பெட்டி வந்தது. கொண்டுவந்த கூரியர்காரர் அய்யப்பன் பந்தலைப் பார்த்துவிட்டு வண்டி இன்ஜினை அணைக்காமல் நின்றார். கொடுக்காமல் போகவும் முடியவில்லை. "ம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அவுரு நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும்" என்றார். மகனின் கைப்பேசியை அம்சவள்ளி தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்து, ரெண்டு, ஏழு, ஏழு, சைபர் என்று படித்தார். பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது.

நான்கு மாதம் கழித்துப் போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது அம்சவள்ளி அதை வெளியே இழுத்தார். "இன்னாங்க, இத நெருப்புல போட்றதா, நீங்க தொட்றதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"இருக்கட்டும், வையி."

"வெச்சிகினே இருந்தா? புள்ள வாங்கித் தந்ததப் பிரிச்சிகூடப் பாக்காத மனுசன் நீங்க ஒருத்தர்தான்."

உள்ளே மூன்று உளிகள் இருந்தன. ஒன்று நேர், ஒன்று பாதி வளைவு, ஒன்று வாத்துக் கழுத்து. ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன், பதினெட்டு அங்குல நீளம். முனையில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு வெட்டுத்துண்டு. தங்கதுரைக்கு அது விளையாட்டுச் சாமான் போலத்தான் தெரிந்தது. ஒரு பழைய வேப்பந்துண்டை லேத்தில் மாட்டி, வேண்டுமென்றே மகனைப்போல அமுக்கிப் பார்த்தார். உளி வழுக்கிக்கொண்டு போய் மெல்லிய சுருளாகச் சீவியது. இன்னும் அமுக்கினார். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, "கடிக்கலியே" என்றார். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. அன்று அவர் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை.

மறுநாள் பரண்மேல் இருந்த வாகைக் கட்டையை இறக்கினார். கச்சிராயபாளையம் சாலையோரம் வெட்டிய மரத்தில் சரத்குமார் தேர்ந்தெடுத்தது. வெடிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்து, மார்க்கர் பேனாவால் 'ஆழம் ஏழேகால்' என்று எழுதி வைத்திருந்தான். தங்கதுரை வெளிப்பக்கத்தைக் கடைந்து, ஒன்றரை அங்குலத்தில் வாய் திறந்து, உள்ளே குடைய ஆரம்பித்தார். ஏழேகால் அங்குலம் வந்தபோது சத்தம் கூராகவில்லை. ஒன்பது அங்குலம் போனபோதும் கனத்தே இருந்தது. பிப்ரவரி மூன்றாம் தேதி பதினெட்டு அங்குலமும் உள்ளே போய்விட்டது. அவர் உளியின் பின்னால் குழாய் வைத்து வெல்டிங் செய்தார். அதுவும் போனது. மார்ச் மாதம் உளி முப்பத்தெட்டு அடி நீளமானது. உள்ளே போனது போக, குழாயின் வால் பட்டறை வாசலைத் தாண்டி, சாலையோரமாகப் பக்கத்து டீக்கடை பெஞ்சு வரை நீண்டு கிடந்தது. போக்குவரத்துக் காவலர் வந்து பார்த்து, முனையில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார். கட்டினார்கள். சங்கராபுரம் பஸ் கொஞ்சம் ஒதுங்கிப் போனது. கட்டையிலிருந்து வந்த மரச்சீவல் நாற்பத்தொரு மூட்டை சேர்ந்தது. மணலூர்பேட்டையில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவர் தரையில் பரப்ப எடுத்துக்கொண்டு போனார். நல்ல சீவல், தூசி கம்மி என்றார். போர்வெல் லாரி வைத்திருக்கும் ராசு ஒருநாள் வந்து பார்த்தார். "அண்ணே, தண்ணி வந்தா சொல்லுங்க, மோட்டார் நான் எறக்கித் தரேன்" என்றார். டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். தங்கதுரையும் சிரித்தார். செப்டம்பருக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

ஏப்ரல் எட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு முதல்முறையாகச் சத்தம் மெலிந்தது. தங்கதுரை வழக்கப்படி கையை எடுத்து மோட்டாரை நிறுத்தினார். கட்டை நின்றது. சத்தம் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து யாரோ குடைந்துகொண்டிருந்தார்கள். மூன்று இழுப்பு ஒழுங்காக வந்தது, நான்காவதில் அமுக்கலாக ஒரு கடி. மறுபடி மூன்று, மறுபடி கடி. அடுப்படியிலிருந்து அம்சவள்ளி கரண்டியோடு வந்து நின்றார். கொஞ்ச நேரம் கேட்டார்.

"இது உங்க கை இல்லிங்க."

"இல்ல."

"அப்ப சீவுங்க. ஓட்டையாப் போனாப் போவுது."

அவர் மோட்டாரைப் போட்டு உளியை வைத்தார். சத்தம் கூராகும் இடம் வந்ததும் கை தானாக விலகியது. மறுபடி வைத்தார், மறுபடி விலகியது. முப்பத்தோரு வருடம் பழகிய கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. அம்சவள்ளி பின்னால் நின்று அவர் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். அப்போதும் விலகியது. மூன்று நாள் இப்படிப் போயிற்று. சாலை வரை நீண்டிருந்த குழாயை இரண்டு பேரும் சேர்த்துப் பிடித்துத் தள்ளியும் பார்த்தார்கள். நான்காம் நாள் தங்கதுரை குழாயை உருவி ஓரமாகப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "நம்மளால ஆவாது. அவன் வருவான்" என்றார். "ஒரு பானையக்கூட அவன் விட்டதில்ல அம்சா. அமுக்கி அமுக்கி ஒடச்சிதான் பழக்கம். இதையும் ஒடச்சிகினு வந்துருவான்."

அன்று பட்டறைக்கு வந்தவர்களை அம்சவள்ளி வாசலோடு திருப்பி அனுப்பினார். இருவரும் பானையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளிருந்து வந்த சத்தம் மணிக்கு மணி மெலிந்தது. மூன்றரை மணிக்கு மேல் அது ஒரு நூல் அளவுக்கு வந்துவிட்டது. அம்சவள்ளி குனிந்து, பானையின் வாயருகே, "நிறுத்தாத கண்ணு" என்றார். தங்கதுரை முன்னால் நகர்ந்து, அந்த ஒன்றரை அங்குல வாயில் தன் வாயை வைத்து, "அமுக்குடா" என்றார். "அமுக்குடா சரத்து. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மூன்று இழுப்பு ஒழுங்காக வந்தது. நான்காவதற்காக இருவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை. உளியைப் பலகைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. வேலை தெரிந்தவன் வைப்பதுபோல, மெதுவாக, முனை அடிபடாமல் வைத்த சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

விளக்கு வைக்கும் நேரம் வரை உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தங்கதுரை அளவுக்கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தார். ஏழேகால் அங்குலம் காட்டியது. மறுநாள் பானையை லேத்திலிருந்து கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெழுகு பூசினார். குழாயை ராசு எடுத்துக்கொண்டு போனார். டீக்கடைக்காரர் சிவப்புத் துணியை அவிழ்த்துக் கைப்பிடித் துணியாக வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 13ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அம்சவள்ளி பானையின் கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, அடியில் செய்தித்தாளை விரித்து, கூடத்தில் வைத்தார். இருவரும் மாற்றி மாற்றி வந்து பார்த்தார்கள். மாலை ஆறு மணிக்குத் தங்கதுரை பானையைத் தூக்கினார். தாள் காய்ந்திருந்தது.