இரண்டு நாள் தாமதம்

டில்லியிடமிருந்து மாநிலத்துக்கு எந்தெந்த அதிகாரங்களைக் கேட்டு வாங்குவது, அதற்கு அரசியல் சட்டத்தில் எதைத் திருத்துவது என்று ஆராய அரசு ஒரு குழு போட்டது. துறைகளிடமும் ஊராட்சிகளிடமும் கருத்துக் கேட்டுத் தொகுக்கும் வேலையை, குழுவின் அலுவலகத்தில் இருந்த அனுப்பிரியாவின் தலையில் கட்டினார்கள். கெடுவுக்குள் பதில் வராவிட்டால் பெயருக்கு நேரே 'கருத்து இல்லை' என்று போட்டுவிடுவது அலுவலக வழக்கம். வழக்கமெல்லாம் சின்னவர்களுக்குத்தான். பெரிய துறை ஒன்று முனகியதும் அதற்கு மட்டும் அவளே நான்கு முறை தேதியை நீட்டிக் குறிப்பு எழுதினாள்.

அவள் அப்பா சிட்டிபாபு, பெருங்களத்தூரை ஒட்டிய ஒரு சிற்றூருக்கு ஊராட்சித் தலைவர். ஊரின் கருத்தைப் பதினோரு பக்கம் தன் கைப்பட எழுதினார். மகளிடம் வாயாலும் சொன்னார்:

"நீங்க டில்லிகிட்ட கேக்கறதத்தாம்மா நாங்க உங்ககிட்ட கேக்கறோம். ஒரு தெரு போடணும்னாலும் எத்தினி ஆபீஸ் படி ஏர்றது?"

எழுதிக்கொண்டிருந்தபோதே பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீடு திரும்பியதும் கடைசிப் பக்கத்தை இடது கையால் கோணல்மாணலாக முடித்து மகளிடம் கொடுத்தார். கெடு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

சொந்த அப்பாவின் கடிதத்தைக் கொல்லைப்புறமாக நுழைத்துவிட்டாள் என்று நாளைக்கு யாராவது சொன்னால்? அந்தப் பயத்தில் அதை அலுவலக மேசைக்குள் வைத்துப் பூட்டினாள். அதை நேர்மை என்று வேறு நினைத்துக்கொண்டாள், பாவி. அவர் கேட்கும்போதெல்லாம் "சேத்தாச்சுப்பா" என்றாள். அவரும் அதை ஊர் முழுக்கச் சொல்லிப் பூரித்துப்போனார்.

அறிக்கை வெளியான வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, அனுப்பிரியா காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். பக்கத்து வீட்டு சிவகுமார் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த அறிக்கை அப்பாவின் மடியில் விரிந்திருந்தது. ஊராட்சிகளின் பட்டியலில், அவர் ஊருக்கு நேரே 'கருத்து இல்லை'. பக்கத்தின் அடியில், தொகுத்தவர் என்று அவள் பெயர்.

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். கத்தவில்லை. ஒரு பக்கம் இழுத்த வாயோடு அந்த வரியையே தடவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாள் லேட்டுப்பா... சொல்ல பயமா இருந்தது" என்றாள். அவர் காலடியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பெரிய துறைக்கு நான்கு முறை தேதி நீட்டியதைச் சொல்ல இப்போதும் அவளுக்கு வாய் வரவில்லை.

அவருடைய இடது கை அவள் தலைமேல் வந்து விழுந்தது.

"அழாதம்மா. உன் வேலைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. ஊர்ல எவனாவது கேட்டா, நான் எழுதவே இல்லன்னு சொல்லிக்கிறேன்."