அண்ணனுக்கு ஒரு படம்

அண்ணனின் சட்டை தம்பிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட வந்த அண்ணியின் கை பாதியில் நின்றது.

"நீங்களே போட்டுக்கங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கூடத்தில் அண்ணன் பிணமாகக் கிடந்தான். தலைமாட்டில் வைக்க உருப்படியாக ஒரு படம் இல்லை. கேமராவைக் கண்டால் நழுவுகிற ஆள். "அவனையே எடுத்துக்கங்க, ரெண்டும் ஒரே மூஞ்சிதானே" என்பான். இரட்டையரில் முந்திப் பிறந்த திமிர். இருந்த படங்களில் எல்லாம் நோயில் விழுந்த பிறகான மொட்டைத்தலையும் ஒட்டிய கன்னமும்தான்.

மாமாதான் யோசனை சொன்னார். "இவனை உட்கார வச்சு எடுத்தா என்ன? யாருக்குத் தெரியப்போகுது?"

சாவு வீட்டில் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? உள்ளறையில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் தம்பி உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து தொண்டையில் ஏதோ உறுத்தியது. இந்த வீட்டில் இருமக் கூடாது என்று விழுங்கிக்கொண்டே இருந்தான்.

போன வருஷம் டாக்டர் இருவரையும் எதிரில் உட்கார வைத்துச் சொன்னார். "ஜீன் உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். எது வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு அதுமேல குறி இருக்கும். புகை, வயசு எல்லாம் அதை மாத்திடும். நோயைத் தடுக்கிற ஜீன் அண்ணனுக்கு அடங்கிப்போச்சு. அதான் நுரையீரல்ல இருந்த புற்று ஈரலுக்கும் பரவிடுச்சு. அந்தக் குறியை அழிக்க மருந்து குடுத்துப் பாப்போம்."

வெல்டிங் பட்டறைக்காரனான அண்ணன் சிரித்தான். "உள்ள இருக்கிறவனுங்களுக்கு வேலை மறந்துபோச்சு. ஞாபகப்படுத்தப் போறீங்க. அவ்வளவுதானே?"

மருந்து கொஞ்ச நாள் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

"எனக்கும் வருமா டாக்டர்?" என்று தம்பி அன்றைக்கே கேட்டான்.

"வரணும்னு இல்ல. எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க."

அவன் எடுக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

"நேரா பாருங்க சார்" என்றார் ஸ்டூடியோக்காரர். "மூச்சைப் பிடிச்சிட்டிருக்கீங்க. முகம் இறுகிப்போய்த் தெரியுது. விடுங்க."

விட்டான். மூச்சோடு இருமலும் வந்தது. ஒன்று, இன்னொன்று, பிறகு அடக்கவே முடியவில்லை. கூடத்தில் பேச்சு நின்றது.

அடுப்படியிலிருந்து வேகமாகக் காலடிச் சத்தம். அண்ணி கதவருகே வந்து நின்றாள். தோளில் துண்டு. கையில், அண்ணன் இருமும்போதெல்லாம் அவன் வாயருகே ஏந்தப் பழகியிருந்த கிண்ணம். கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இவனைப் பார்த்தாள்.

அவன் எழுந்துபோய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டான்.