ரூத் பேரில் வந்த பார்சல்

செத்து நான்கு வருஷம் கழித்து, ஐப்பசி அடைமழையில், மைக்கேல்ராஜின் மனைவி ரூத் சமயநல்லூரில் சிவபாண்டி வீட்டில் குடியேறினாள். வயது இருபத்திரண்டு. கருப்பு வெள்ளையில் இருந்தாள். தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு படத்துக்கு உலகத்தில் ஒரே பிரிண்ட் மிஞ்சும்போது, அதில் நடித்துச் செத்தவர்கள் அந்தப் பிரிண்ட் யார் பேரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு, படத்தில் இருந்த வயதிலேயே வந்துவிடுவார்கள். கூடல்நகரில் ஒருவர் வீட்டில் பழைய தொலைக்காட்சி வில்லன் ஒருவர் தினமும் தண்ணீர் மோட்டார் போட்டு நிறுத்துகிறார். அவர் மேல் இதுவரை புகார் இல்லை.

ரூத் ஆசிரியர் பயிற்சி முடித்த வருஷம் திருப்பரங்குன்றத்தில் ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்தார்கள். வாடகை வீட்டுச் சொந்தக்காரரோடு சண்டை போடும் குடித்தனப் பெண்ணாக அவள் அதில் வந்தாள். ஒரு தடவை ஒளிபரப்பாகிப் படம் காணாமல் போனது. மைக்கேல்ராஜ் அவளை முதன்முதலில் பார்த்ததே அதற்கப்புறம்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த அவர், தொலைக்காட்சிப் படங்களின் பிரிண்டுகளை இணைய ஏலத்தில் வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தது அந்த ஒரு படத்துக்காக. அவள் போன பிறகு அது வெறியாகிவிட்டது. தல்லாகுளம் வீட்டில் கட்டில் போட இடமில்லாமல் டப்பாக்கள் அடுக்கியிருந்தார்.

பிரிண்ட் சேர்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஏலத்துக்கு வந்த பிரிண்ட் யாருக்கு வேண்டுமோ அவரே வாட்ஸ்அப் குழுவில் அதைப் பழித்து எழுதுவார். எல்லோரும் அப்படியே செய்வதால், அதிகம் பழிப்பவருக்குத்தான் அது உயிர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ரூத் இருந்த பிரிண்ட் வெளிநாட்டில் ஏலத்துக்கு வந்த அன்று மைக்கேல்ராஜ் பதற்றத்தில் விடாமல் எழுதினார். “சுருள் அழுகி வினிகர் வாடை அடிக்குதாம். ஒருத்தரும் தொட்றாதீங்க.” உரக்கடை சிவபாண்டி, கடைசி நொடியில் பல பிரிண்டுகளை அவரிடம் பறிகொடுத்தவர், ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துவிட்டார். அவரிடம் அப்போது ஓடுகிற புரொஜெக்டர்கூட இல்லை.

மைக்கேல்ராஜ் பஸ் பிடித்துச் சமயநல்லூர் போனார். சிவபாண்டி கேட்டைத் திறக்கவில்லை.

“வாங்கண்ணே. வினிகர் வாடைன்னீங்க, இங்க மல்லியப்பூ வாடையில்ல வருது?”

“குடுத்துரு சிவபாண்டி. அவ எம் பொண்டாட்டி.”

“ஏலத்துல ஏதுண்ணே பொண்டாட்டி? எடுத்தவனுக்குத்தான்.”

சத்தம் கேட்டு ரூத் வாசலுக்கு வந்தாள். “யாரு இந்தப் பெரியவரு? இம்புட்டுக் கத்துறாரு?”

சிவபாண்டி சிரித்த சிரிப்பு ரோட்டுக் கடைவரை கேட்டது. மைக்கேல்ராஜ் செருப்பைக் கழற்றிக் கேட்டில் அடித்தார். அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

படத்தில் போட்ட சண்டையை ரூத் சிவபாண்டி வீட்டிலும் நிறுத்தவில்லை. குழாய் ஒழுகுவதற்கும் ஓட்டை ஜன்னலுக்கும் அவரைத் தெருவில் வைத்துத் திட்டினாள். “வீடா வச்சிருக்கீங்க? உர மூட்டைக்கும் மனுசிக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு!” தை மாதம் சிவபாண்டியின் மனைவி நாகஜோதி, “அவளையே வச்சுக் கும்பிடுங்க, நான் போறேன்” என்று அம்மா வீட்டுக்குப் போனாள். சித்திரை வரை ஓட்டலில் சாப்பிட்டுப் பார்த்த சிவபாண்டி பிரிண்டை மறுபடி ஏலத்தில் விட்டார். மைக்கேல்ராஜின் கணக்கு உள்ளே வர முடியாதபடி தடுத்தும் வைத்தார். “நாய்க்குக் குடுத்தாலும் குடுப்பேன், தல்லாகுளத்துக்குக் குடுக்க மாட்டேன்” என்று குழுவில் எழுதினார்.

ரூத் உயிரோடிருந்தபோது தையல் சாமான் வாங்க அதே ஏலத் தளத்தில் தன் பேரில் தொடங்கிய பழைய கணக்கு ஒன்று இருந்தது. மைக்கேல்ராஜ் அதற்குள் புகுந்து கடைசி நொடியில் பிரிண்டை எடுத்தார். முன்பு வேறு வார்டில் குடியிருந்த காலத்து விலாசத்தைத் தல்லாகுளத்துக்கு மாற்றினார். பேரை மாற்றவில்லை. அதில் ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

பார்சலுக்கு முன்னால் ரூத் வந்து சேர்ந்தாள். மைக்கேல்ராஜ் புதுச்சட்டை போட்டு, கல்யாணப் போட்டோவைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“இவரு பரவாயில்ல. நீங்க யாரு?”

“நாந்தான் ரூத்து.”

“பொய் சொல்லாதீங்க, பெரியவரே.”

அவர் சேர்ந்து வாழ்ந்த முப்பத்துச் சொச்ச வருஷத்தையும் சொன்னார். வேறு யாருடைய குடும்பக் கதையையோ கேட்பதுபோல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது கூரியர்காரர் வந்து ரூத் யார் என்றார். “நாந்தான்” என்று கையெழுத்துப் போட்டாள். மைக்கேல்ராஜ் பெட்டிக்குக் கை நீட்டினார்.

“கைய எடுங்க. எம் பேருல வந்திருக்கு.”

செத்தவர் பேரிலேயே அவருடைய பிரிண்ட் வந்தது அதுதான் முதல் தடவை. குழுவில் வாரக்கணக்கில் விவாதித்தார்கள். சிவபாண்டிகூட, பிரிண்ட் அவள் பேரில் என்றால் அவளும் அவளுக்கேதான் சொந்தம் என்று ஒப்புக்கொண்டார்.

ரூத் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திருப்பரங்குன்றம் பஸ் ஏறினாள். ஸ்டேஷன் பக்கம் மாடியில் ஒரு அறை கிடைத்தது. சொந்தபந்தம் யாராவது உண்டா என்று வீட்டுக்காரர் கேட்டபோது, யாரும் இல்லை என்றாள். பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள், நன்றாக எடுப்பதாகச் சொல்கிறார்கள். மழை நாட்களில் பழைய படத்தில் விழுவதுபோல அவள் மேல் கோடுகள் கொஞ்சம் அதிகமாக விழும், மற்றபடி குறையில்லை. தல்லாகுளத்தில், அவள் செத்த பிறகும் இரண்டு பேருக்கே உலை வைத்துவந்த மைக்கேல்ராஜ், அந்த வாரத்திலிருந்து ஒரு ஆளுக்கு மட்டும் வைக்கிறார்.