முள் ஐம்பதில்தான் இருந்தது

பிசியோதெரபி மையத்தின் வேனை ஓட்டுகிறவளுக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் அங்கே வேலை பார்க்கும் மற்ற ஓட்டுநர்கள்தான். பாராட்டி வைத்த பெயரல்ல. அவளுடைய வேனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பொறுமை இழந்த எரிச்சலில் வைத்தது. பதினான்கு வருடமாக, நடக்க முடியாதவர்களை வீட்டிலிருந்து ஏற்றி வந்து, சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுகிறாள். ஐம்பதுக்கு மேல் போகக் கூடாத புறவழிச்சாலையில் முள் ஐம்பதைத் தொட்டால் அதோடு சரி. பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு அதிவேகமாக ஓட்டியதாக நோட்டீஸ் வந்தது. புறவழிச்சாலையில் புதிதாக வைத்த கேமராவில் ஐம்பத்தாறு. வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஒரு வாரம் சிரிப்பு அடங்கவில்லை.

“நிதானமே பறக்குதுன்னா, நாமெல்லாம் எங்க போய் முட்டிக்கறது?”

அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஒன்பதாம் நாள் இரண்டாவது நோட்டீஸ் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அதே சாலை, அதே கேமரா, அதே ஐம்பத்தாறு. மேலாளர் அவளை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“இன்னொன்னு வந்தா வேனை உங்க கையில குடுக்க முடியாதும்மா. உள்ள இருக்கறவங்க ஆபத்துன்னா எழுந்து ஓடக்கூட முடியாதவங்க.”

“முள்ளு அம்பதுலதான் இருந்துச்சு மேடம்.”

“கேமராவுக்கு உங்க மேல என்னம்மா கோபம்?”

அவளுக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்தது. மறுநாளே கண் டாக்டரிடம் போய் வந்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். நிம்மதிக்குப் பதில் பயம்தான் கூடியது. போதாததற்கு, அவள் ஏற்றிவருகிறவர்களில் ஒருவரான தையல்காரர் வீட்டுக்கு ஏறும் மேட்டில் எப்போதும் மூன்றாவது கியரிலேயே ஏறிவிடும் வேன் சில மாதங்களாக மூச்சு வாங்கியது. பாதி மேட்டில் இரண்டாவதுக்கு வராமல் முடியவில்லை. வண்டிக்கு வயதாகிறது, நமக்கும் ஆகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

தையல்காரர் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். வாரம் மூன்று முறை வேனின் பின்பக்கத்தில் படுத்தபடி வருவார். அவர் வீட்டுப் பாதை முழுக்கக் கல். முன்பெல்லாம் வேனின் அடிவயிறு கல்லில் இடிக்கும்போது வலி பொறுக்காமல் துண்டைப் பல்லில் கடித்துக்கொள்வார். அதைக் கேட்டுத்தான் அவள் கொழுந்தன், தன் பட்டறையில் வைத்து உயரமான டயர் நான்கைப் பூட்டிக் கொடுத்தான். அதன் பிறகு அடி இடிப்பது நின்றுபோனது. அது நடந்து மூன்று மாதம் ஆகிறது.

நோட்டீஸ் விஷயம் தெரிந்ததும் தையல்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

“சும்மாதானே படுத்துக் கிடக்கறேன், எனக்கும் ஒரு வேலை குடு. அம்பதுல போனா ஒரு கிலோமீட்டருக்கு எழுபத்திரெண்டு செகண்டு ஆகணும். ஜன்னல்ல கிலோமீட்டர் கல்லு தெரியுது. நீ முள்ளைப் பாரு, நான் கல்லைப் பாக்கறேன்.”

புறவழிச்சாலையில் அவள் முள்ளை ஐம்பதில் பிடித்தாள். ஒரு கல் போனது. அடுத்த கல் போனது.

“அறுபத்து நாலு” என்றார்.

“தப்பா எண்ணிட்டீங்க அண்ணே.”

அடுத்த கிலோமீட்டரும் அறுபத்து நான்கு. அதற்கடுத்ததும் அதுவே. அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அம்பத்தாறுலதாம்மா போறே. ஆனா நீ பொய் சொல்லல.”

அவள் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தாள். கண்ணில் குறை இல்லை, கேமராவிலும் இல்லை. அப்படியென்றால் வண்டியில்தான். வண்டியில் புதிதாக மாறியது ஒன்றே ஒன்று.

அன்று மாலை கொழுந்தனின் பட்டறைக்குப் போனாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், வந்ததும் வராததுமாகப் போட்டு உடைத்துவிட்டாள்.

“நீ போட்ட டயராலதான் எனக்கு நோட்டீஸ் வருதோன்னு தோணுது.”

அவன் முகம் சுருங்கிப்போனது. “நல்லா இருக்கே அண்ணி! கல்லுல இடிக்குதுன்னு நீங்கதானே வந்து நின்னீங்க? நல்லது செஞ்சவன் தலையிலயே பழியைப் போடுங்க.”

“பழி போட வரலப்பா. அளந்து பாக்க வந்திருக்கேன்.”

தையல்காரரிடம் வாங்கி வந்த டேப்பை நீட்டினாள். அவன் முணுமுணுத்துக்கொண்டேதான் எழுந்தான். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. வேனைத் தள்ளிச் சக்கரத்தைச் சரியாக ஒரு சுற்று உருட்டினார்கள். இருநூற்று முப்பது சென்டிமீட்டர். வேனின் அடியில் தொங்கிய ஸ்டெப்னி மட்டும் இன்னும் பழைய அளவு. அதைக் கழற்றி உருட்டினால் இருநூற்று ஐந்து.

கொழுந்தன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“மீட்டர் சக்கரத்தைப் பாக்கறதில்ல அண்ணி. கியர்பாக்ஸுக்குப் பின்னால சுத்தற தண்டு எத்தனை சுத்து சுத்துதுன்னு மட்டும் எண்ணுது. சக்கரம் பெருசானது அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு சாண் தூரம் கூடப் போயிட்டு, பழைய கணக்கையே உங்ககிட்ட சொல்லிக்கிட்டிருக்கு.” தலையைச் சொறிந்தான். “மேட்டுல இழுக்க மாட்டேங்குதா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஒரே சுத்துல கூடுதலா தள்ளணும்னா இன்ஜினுக்குப் பாரம்தானே? மூணாவது கியர்ல போறது மூணரைல போற மாதிரி ஆயிடும். மாட்டும்போதே எனக்குத் தோணியிருக்கணும். மன்னிச்சிடுங்க அண்ணி.”

“பழைய டயரையே போட்டுடு. வேற வழி?”

சொல்லும்போதே துண்டைக் கடித்துக்கொண்ட அந்த முகம் அவள் கண்முன் வந்தது. அவனும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். “இருங்க, அவசரப்படாதீங்க” என்று பட்டறையின் பின்பக்கம் போனான்.

திரும்பி வந்தவன் கையில், உடைக்க வந்த ஒரு சரக்கு வேனின் பின் அச்சிலிருந்து கழற்றிய பல்சக்கர ஜோடி. “நம்ம வண்டியில தண்டோட முனையில இருக்கற சின்னச் சக்கரத்துக்குப் பத்துப் பல்லு. இதுக்கு ஒம்பது. பெரிய சக்கரம் ரெண்டுலயும் ஒண்ணுதான். இதைப் போட்டா, டயர் ஒரு சுத்து சுத்தறதுக்குத் தண்டு முன்னைவிடக் கூடுதலா சுத்தியாகணும். இன்ஜினுக்குப் பாரம் குறையும். மீட்டரும் அந்தத் தண்டைத்தானே எண்ணுது, அதுவும் சரியாயிடும்.”

“ரெண்டும் ஒரே வேலையிலயா?”

“ஒரே வேலைல. டயரும் அப்படியே இருக்கும்.”

மறுநாள் காலை இருவருமாக மேலாளரிடம் போய், அளந்ததையெல்லாம் எழுதிக் காட்டினார்கள். அவர் வாகன நிறுத்தத்துக்கே வந்து, சக்கரத்தை இன்னொரு முறை உருட்டச் சொல்லிப் பார்த்தார். “வண்டியை மாத்தினா முதல்லயே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்” என்று கடிந்துகொண்டு, பல்சக்கரம் மாற்றும் வேலைக்கு அனுமதி கொடுத்தார். பழைய நோட்டீஸ்களை ரத்து செய்ய முடியாது என்று போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஓட்டியது ஐம்பத்தாறுதானே! அபராதத்தில் பாதியைக் கொழுந்தன் பிடிவாதமாகக் கட்டினான். புதுப் பல்சக்கரம் பூட்டிய வண்டியை வாகன ஆய்வாளர் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு முதல் நாள். கொழுந்தன் கைபேசியில் வேகத்தைப் பார்த்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். பின்னால் தையல்காரர் கடிகாரத்தோடு தயார். முள் ஐம்பது. கைபேசியிலும் ஐம்பது, ஒரு கணம் ஐம்பத்தொன்று.

“எழுபத்து ரெண்டு!” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. முதுகு வலிக்காரர் என்றே சொல்ல முடியாத குரல்.

மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறினாள். இன்ஜின் முனகவில்லை. உச்சிக்கு வந்தும் கியர் மாற்றத் தோன்றாமல் அப்படியே போய்க்கொண்டிருந்தாள். கொழுந்தன்தான் “போதும் அண்ணி, மாத்துங்க” என்றான்.

ஒரு மாதம் கழித்து மேலாளர் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்தார். மேட்டுக்கும் அப்பால் குவாரி ஓரத்தில் மூன்று வீடுகள். வண்டி ஏறாது, ஏறினாலும் அடி தட்டும் என்று இரண்டு வருடமாக மையம் கைவிட்டிருந்த வீடுகள்.

“போக முடியுமாம்மா?”

அவள் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். “முதல் வீட்டுல எத்தனை மணிக்கு நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க மேடம்.”

முதல் வீட்டில், பக்கவாதத்தில் ஒரு கால் விழுந்துபோன ஒரு பெண் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, செருப்புப் போட்டுத் தயாராக இருந்தாள். வேன் வளைவு திரும்பியதும், பக்கத்தில் இருந்த கணவனின் தோளைத் தட்டினாள்.

“நிஜமாவே வந்துடுச்சுங்க” என்றாள்.