கல்யாண பஸ்ஸில் துறைமுகத்துக்கு

முத்துச்செல்வி லாஜிஸ்டிக்ஸ் அண்ட் ஷிப்பிங் படிப்பில் சேர்ந்தபோது மேலூரில் அவள் தெருவே சிரித்தது. “கம்மாயில கால் நனைக்கத் தண்ணியில்ல, இவ கப்பல் படிக்கப் போறாளாம்!” இரண்டாம் வருடம் வந்தும் அவள் கடலைப் பார்த்ததில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கூட்டிப்போகிறோம் என்று ஸ்ரீநாத் சார் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

கிளம்பிய அன்று காலை, கல்லூரி பஸ் மதுரை அவனியாபுரம் தாண்டியதும் கரும்புகை கக்கிப் படுத்துவிட்டது. வேறு பஸ் மதியத்துக்கு மேல்தான் வருமாம். துறைமுகத்தில் அனுமதியோ மதியம் வரைதான். சட்டை மடிப்புக் கலையாத இளம் வாத்தியாரான ஸ்ரீநாத், போனைக் காதில் வைத்தபடி ரோட்டோரம் அலைந்தார்.

“போக்குவரத்து படிக்கிற நமக்கே போக வண்டி இல்ல” என்றாள் தோழி இந்துப்ரியா. சார் முறைத்தார்.

முத்துச்செல்வியின் கண் எதிர் டீக்கடையில் நின்ற பஸ் மேல் போனது. முகப்பில் வாழைக்கன்று, கண்ணாடியில் மணமக்கள் படம். உள்ளே ஒருத்தரும் இல்லை. டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவரிடம் ஓடினாள்.

“அண்ணே, எந்த ஊருக்கு?”

“தூத்துக்குடிம்மா. மாப்ள வீட்டாளுகள இங்க மண்டபத்துல எறக்கிட்டு சும்மாதான் போறேன்.”

“சும்மா ஏன் போறீங்க? நாங்க வாரோம்!”

டிரைவர் நல்லகாமன் ரோட்டில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். “எம்புட்டுப் பேரு?”

“எல்லாரும் ஏறிக்கிருவோம்ணே.”

சார் தயங்கினார். கல்லூரிக்குப் போன் போட்டு, சரி என்று பதில் வந்த பிறகுதான் ஏறினார். அதற்குள் பையன்கள் ஸ்பீக்கரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வழி முழுக்க நாதஸ்வரம்.

துறைமுக வாசலில் காவலர் கையை நீட்டி மறித்தார். “கல்யாணக் கோஷ்டிக்கெல்லாம் உள்ள அனுமதி இல்ல.” சாரையும் கண்ணாடியிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “மாப்பிள்ளை நீங்கதானே?”

“ஆமான்னு சொல்லிருங்க சார், விட்டுருவாரு” என்று பின்னாலிருந்து இந்துப்ரியா குரல் கொடுத்தாள். பஸ் குலுங்கியது. சார் காது வரை சிவந்துபோய் அனுமதிக் கடிதத்தை நீட்டினார். அதில் வேறு பஸ் நம்பர். காவலர் போனில் உள்ளே பேசினார். கேட்ட அதிகாரி சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே கேட்டது. கல்யாண பஸ் வாசலிலேயே நிற்கட்டும், ஆட்கள் துறைமுக வேனில் வரட்டும் என்று முடிவானது.

“தூத்துக்குடிதான் எனக்கு ஊரு, ஆனா இதுக்குள்ள வந்ததில்ல” என்று நல்லகாமன் மெதுவாகச் சொன்னார். சார் ஒரு நிமிடம் யோசித்தார். காவலரிடம் போய் டிரைவர் பெயரையும் எழுதவைத்தார்.

வேன் திரும்பியதும் முத்துச்செல்விக்கு முன்னால் இரும்புச் சுவர் ஒன்று எழுந்தது. அண்ணாந்து பார்த்த பிறகுதான் அது கப்பல் என்று புரிந்தது. ராட்சதக் கிரேன் ஒரு கன்டெய்னரைத் தீப்பெட்டிபோல் தூக்கியது. சார் விளக்க வாயெடுத்தார், யாரும் கேட்பதாயில்லை.

மேல்தளத்திலிருந்து மாலுமி ஒருவன் கையசைத்தான். முத்துச்செல்வி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். பக்கத்தில் அவளைவிட வேகமாகக் கையாட்டிக்கொண்டிருந்தார் ஸ்ரீநாத் சார்.