நிமிடத்துக்கு நூற்றெண்பது கிராம்

மருத்துவமனைக் கட்டில்களுக்குப் பூச்சு பூசும் அந்தக் கம்பெனியில், என்னைக் கண்டால் மெஷினுக்குப் பயம் என்று ஒரு பேச்சு இருந்தது. நான் அதை மறுத்ததில்லை. பன்னிரண்டு கம்பெனிகளுக்கு அதிர்வுத் தட்டு மாட்டிக் கொடுத்துப் பழுது பார்க்கிறவன் நான். இப்படி ஒரு பேர் தானாக வந்தால் எந்த மெக்கானிக் வேண்டாம் என்பான்?

மெஷின் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மேலே பூச்சுப் பொடியைக் கொட்டும் கூம்புத் தொட்டி. அதன் வாய்க்குக் கீழே ஒரு முழ நீளத்துக்கு இரும்புத் தட்டு. தட்டுக்கு அடியில் காந்தச் சுருள். சுவிட்சைப் போட்டால் தட்டு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதிரும். பொடி மெல்ல நகர்ந்து வந்து முனையிலிருந்து விழும். அங்கிருந்து குழாய் வழியாக, பொடியைத் தெளிக்கும் துப்பாக்கிக்குப் போகும். குமிழைத் திருகினால் அதிர்வு கூடும், குறையும். அந்தக் கம்பெனியில் நிமிடத்துக்கு நூற்றெண்பது கிராம் விழ வேண்டும். குறைந்தால் கட்டில் கம்பியின் மூலைகளில் இரும்பு பல்லைக் காட்டும். கூடினால் பூச்சு தடித்து, சூளையிலிருந்து வெளியே வரும்போது ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரவென்று இருக்கும்.

அதை ஓட்டியது என் தங்கச்சி. ஆறு வருஷம் அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தவள். புது மெஷின் வந்தபோது மேனேஜர் என்னைக் கேட்டார், "உங்க தங்கச்சி சமாளிப்பாங்களா?" நான், "பழக்கிடலாம் சார்" என்றேன். ஆபரேட்டர் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் முதல்நாள் வீட்டுக்கு வந்தபோது, அதைக் கழற்றாமலே சாப்பிட்டாள். அவளுடைய வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இரண்டு பிள்ளைகளும் அம்மாவின் அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் அவளுக்கு 'டமால்' என்று பெயர். நாலு வயதில் ஒரு கண்ணாடி ஜாடியைப் போட்டு உடைத்த அன்று அப்பா வைத்தது. அதற்குப் பிறகு வீட்டில் எங்கே சத்தம் கேட்டாலும் எல்லோரும் அவளைத்தான் திரும்பிப் பார்ப்போம். பூனை தள்ளிவிட்டதெல்லாம்கூட அவள் தலையில்தான் விடிந்தது. அவளும் மறுத்துப் பேசிப் பேசி அலுத்து, ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள்.

மெஷின் ஓடத் தொடங்கி மூன்றாவது வாரம், நாற்பது கட்டில் கம்பிகள் திரும்பி வந்தன. மூலையெல்லாம் இரும்பு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவருக்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் கோந்து. ஒரு விஷயத்தைப் பிடித்தால் அவரிடமிருந்து பிய்த்து எடுக்க முடியாது.

நான் போனேன். வழக்கம்போல என் கருவிப் பெட்டியை மெஷினின் அடிச்சட்டத்தின் மேல் வைத்தேன். பதினேழு கிலோ பெட்டி அது. பொடி படிந்த தரையில் அதை வைக்க எனக்கு மனசு வராது. குமிழைப் பார்த்தால் ஏழில் இருந்தது. நான் வைத்துவிட்டுப் போனது ஐந்தில். ஓட்டிப் பார்த்தேன். தட்டிலிருந்து பொடி கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஒரு நிமிடத்துக்குப் பிடித்து நிறுத்தால் இருநூற்று நாற்பது கிராம்.

"யாரு இதத் திருகினது?"

"நான்தாண்ணே. அஞ்சுல வச்சா பொடி பத்தல."

ஐந்தில் வைத்தேன். நிறுத்தேன். நூற்றெண்பது. தராசு முள் கோடு போட்டது மாதிரி நின்றது.

"நீ இருக்கும்போது சரியா விழுதுண்ணே. நீ போனதும் குறைஞ்சிடுது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். நான் குமிழின் மேல் டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன். இனி யாரும் கை வைக்க முடியாது.

பத்து நாளில் அடுத்த லோடு திரும்பி வந்தது. இந்த முறை அறுபது கம்பி. பெட்டியை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டுக் குமிழைப் பார்த்தேன். டேப் அப்படியே இருந்தது. தங்கச்சி ஒரு சின்ன நோட்டை நீட்டினாள். தினமும் காலையில் ஒரு நிமிடத்துக்குப் பொடியைப் பிடித்து நிறுத்து எழுதியிருக்கிறாள். 131, 134, 129, 131. மேனேஜரும் எட்டிப் பார்த்தார்.

"எங்க, எங்க முன்னாடி ஒரு தடவ பிடிங்க" என்றார்.

அவள் தட்டின் முனையில் டப்பாவை ஏந்திப் பிடித்தாள். நான் கடிகாரம் பார்த்தேன். நூற்றெண்பது.

"இன்னொரு தடவ."

நூற்று எண்பத்தொன்று.

அவள் நோட்டை மூடிக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு, அவள் உட்கார்ந்த இடத்தில் மனம்போன எண்களை எழுதியவள் மாதிரி ஆகிவிட்டது. பொடியைப் பாதி தரையில் சிந்திவிட்டு மீதியை நிறுத்திருப்பாள் என்றுதான் நானும் நினைத்தேன். டமால் அல்லவா? மேனேஜர் அவளை அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "உங்க மூஞ்சிக்காகப் பாக்குறேன். இன்னொரு லோடு திரும்பி வந்தா வீட்டுக்கு அனுப்பிடுவேன். பேக்கிங்லகூட எடம் கிடையாது."

நான் செய்த வேலைக்கு நானே சாட்சி, நானே நீதிபதி. வேலிக்கு ஓணான் சாட்சி என்று சும்மாவா சொன்னார்கள்! ஆனால் அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை மாதப் பராமரிப்புக்குப் போனேன். பெட்டியை அதே இடத்தில் வைத்துத் தட்டைத் துடைத்து ஓட்டிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் ஷெட்டின் மறுகோடியில் இருந்த கம்ப்ரசரில் காற்று கசிகிறது என்று கூப்பிட்டார்கள். மெஷினை ஓடவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பத்தடிகூடப் போயிருக்க மாட்டேன், முதுகுக்குப் பின்னால் சத்தம் மாறியது. ஒரே சீராக ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது தொளதொளவென்று தட்டத் தொடங்கியது.

டீ இடைவேளை. பக்கத்தில் யாரும் இல்லை. திரும்பி வந்து ஒரு நிமிடம் பிடித்து நிறுத்தேன். நூற்று முப்பத்தொன்று. பெட்டியை அடிச்சட்டத்தில் வைத்தேன். நூற்றெண்பது. எடுத்தேன். நூற்று முப்பத்திரண்டு. மூன்று தடவை வைத்து, மூன்று தடவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். அடிச்சட்டத்தை நாலு போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கியிருக்க வேண்டும். மெஷின் வந்த அன்று காங்கிரீட் ஈரமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து வந்து போல்ட் அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ரப்பர் காலிலேயே நிற்க வைத்தேன். அந்த ஒரு வாரம் இன்னும் வரவில்லை. சட்டம் கனமில்லாமல் நின்றால் அதிர்வில் பாதியைச் சட்டமே வாங்கிக்கொள்ளும், தட்டுக்கு மீதிதான். என் பதினேழு கிலோ உட்கார்ந்தால் சட்டம் அடங்கும், தட்டு ஒழுங்காக அதிரும். முதல்நாள் அளவு வைத்தபோதும் பெட்டி அங்கேதான் இருந்திருக்கிறது. மெஷின் என்னைக் கண்டு பயப்படவில்லை. நோட்டில் இருந்த எண்கள் எல்லாம் சரி.

இந்தத் தொழிலில் பேர் ஒரு தடவை போனால் பன்னிரண்டு கம்பெனிக்கும் மறுநாளே தெரிந்துவிடும். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டேன். சனிக்கிழமை லீவு. யாரும் இல்லாதபோது வந்து நாலு போல்ட்டையும் அடித்துவிட்டால், மெஷின் சரியாகிவிடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு வேண்டியிருந்தது நாலு நாள்.

அன்று சாயங்காலமே மூன்றாவது லோடு திரும்பி வந்தது.

புதன்கிழமை மேனேஜர் தங்கச்சியிடம் விளக்கக் கடிதம் கேட்டார். அவள் வீட்டில் உட்கார்ந்து எழுதி, என்னை வரச்சொல்லிக் காட்டினாள். பிள்ளைகள் பக்கத்தில் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கடிதத்தில் ஒரு வரி இருந்தது: 'மெஷின் சில நேரங்களில் பொடியைக் குறைவாகத் தள்ளுகிறது, அளவுகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.'

"இந்த வரிய அடிச்சிடு" என்றேன்.

"அது உண்மைதாண்ணே."

"உண்மையோ பொய்யோ, கோந்துகிட்ட எதுத்துப் பேசினா வேல போகும். தப்பு என்னுதுன்னு ஒரேயடியா ஒத்துக்கோ. மன்னிச்சு விட்டுடுவாரு."

அவள் ஸ்கேல் வைத்து அந்த வரியை அடித்தாள். அது நன்றாக இல்லை என்று நினைத்தாளோ என்னவோ, முழுக் கடிதத்தையும் புதுத் தாளில் திரும்ப எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான் அவளைக் காப்பாற்றுவதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனுஷனுக்குத் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்ள யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கோந்து மன்னிக்கவில்லை. கையில் கடிதம் கிடைத்த பிறகு அவருக்கு என்ன யோசனை? தானே ஒத்துக்கொண்டுவிட்டாளே. வெள்ளிக்கிழமை காலையில் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து அவள் வரவேண்டாம். பேக்கிங்கில் இருந்த ஒரு பெண் எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். தங்கச்சி என்னிடம் சொல்லவில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜரையும் தங்கச்சியையும் மெஷின் பக்கத்துக்கு வரச்சொன்னேன். பெட்டியை வைத்து நிறுத்துக் காட்டினேன், எடுத்து நிறுத்துக் காட்டினேன். "போல்ட் அடிக்காம விட்டது நான் சார். அவமேல ஒரு தப்பும் இல்ல. அவ நோட்டுல எழுதினது அத்தனையும் சரி."

மேனேஜர் குனிந்து தராசு முள்ளைப் பார்த்தார். என் தொழில் அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் என் தோளில் கை போட்டார்.

"யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க. வேற யாராவதா இருந்தா மூடி மறைச்சிருப்பான். நீங்க மனுஷன்."

அங்கேயே தங்கச்சியின் கடிதத்தைக் கிழித்தார். பலகையிலிருந்த தாளும் போனது. அவள் வேலை அவளுக்கு. என்னிடம் யாரும் விளக்கக் கடிதம் கேட்கவில்லை. போகிற வழியில் பேக்கிங் ஆட்களிடம், "நேர்மைன்னா இவருகிட்ட கத்துக்கணும்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். நானும் சிரித்துத் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

தரையைத் துளைத்து நாலு போல்ட்டையும் இறுக்கினேன். புதிதாக அளவு வைக்க வேண்டும். நான் டப்பாவை எடுக்கப் போனேன். தங்கச்சி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு எண்ணாகத் திருகி, ஒவ்வொரு நிமிடமாகப் பிடித்து, நிறுத்து எழுதினாள். ஒரு சிட்டிகைகூடக் கீழே சிந்தவில்லை. நாலரையில் நூற்றெண்பது வந்தது. புது அட்டவணையைச் சுவரில் ஒட்டினாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எப்ப தெரிஞ்சுதுண்ணே?"

இன்னைக்குக் காலைல என்ற பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மேனேஜர் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். அவளும் நம்பியிருப்பாள். ஆனால் அவள் கேட்ட விதத்தில் கோபமே இல்லை. தராசைப் பார்த்து எண்ணைக் கேட்பது போலக் கேட்டாள். அதனால் சொன்னேன்.

"செவ்வாக்கிழம."

"நான் லெட்டர் எழுதினது புதன்கிழம."

"ஆமா."

"அந்த வரிய அடிக்கச் சொன்னது நீ."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டே பேசினாள். குரல் உயரவில்லை.

"எனக்கே என் கைமேல சந்தேகம் வந்துடுச்சு. நேத்து டாக்டர்கிட்ட போய், என் கை நடுங்குதான்னு பாக்கச் சொன்னேன். அவரு ரெண்டு கையையும் நீட்டச் சொல்லி, மேல ஒரு காகிதத்த வச்சுப் பாத்தாரு. நடுக்கமே இல்லம்மான்னாரு. நான் நம்பல. நல்லா பாருங்க டாக்டர்னு கெஞ்சினேன்."

"தெரியாம பண்ணிட்டேன்" என்றேன்.

"செவ்வாக்கிழம வரைக்கும் தெரியாம" என்றாள்.

வேலை மணி அடித்தது. பூச்சு அறையின் விளக்குகள் எரிந்தன. அவள் முகமூடியைக் கழுத்திலிருந்து மேலே இழுத்தாள். பிறகு ஏதோ மறந்துவிட்டவள் போல மறுபடி கீழே இறக்கினாள்.

"வீட்டுக்கு எப்பவும் போல வாண்ணே. பிள்ளைங்க தேடுவாங்க. இங்க வராத. இந்த மெஷினுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லி நானே மேனேஜர்கிட்ட சொல்லிக்கிறேன். காரணம் கேட்டா, எங்களுக்குள்ள ஒத்துவரலன்னு மட்டும் சொல்றேன்."