பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழுகிறவள்

எழுத்தாலேயே ஓடும் விளையாட்டு அது. படமும் கிடையாது, சத்தமும் கிடையாது. 'வெட்டு', 'உடை' என்று தட்டச்சு செய்தே நூற்றுக்கணக்கான பேர் கொன்று குவிப்பார்கள். அதைப் பராமரிப்பவள் அக்கா. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் எழுதிய ரீசெட் ஓடும். உடைந்த கதவு பழையபடி நிற்கும், செத்த பூதம் எழுந்து உட்காரும், ஒன்றுமே நடக்காததுபோல.

வீட்டிலும் அந்த வேலை அவளுடையதுதான். புருஷன் உடைப்பான், "சரி பண்ணி வை" என்பான். அவள் கண்ணாடியைப் பொறுக்கி, தாழ்ப்பாளை மாற்றி, கன்னத்தில் பவுடரை அப்பிக்கொள்வாள். தம்பி எப்போதாவது வந்தால் வீடு பளிச்சென்று இருக்கும். "மாமா தங்கம்" என்று சொல்லிவிட்டுப் போவான் அந்த அப்பாவி.

அன்று மதியம் புருஷன் என்கிற அந்தப் புண்ணியவான் அவள் இடது கையைக் கதவிடுக்கில் வைத்து ஓங்கிச் சாத்தினான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவள் போனைச் சுவரில் அடித்து நொறுக்கினான். வாசலைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வேலையப் பாரு. எவனுக்காவது இதப் பத்தி ஒரு வார்த்தை எழுதின, இன்னொரு கையும் போகும்" என்று கண்கொத்திப் பாம்பாகப் பின்னாலேயே உட்கார்ந்தான்.

பேச்சுப் பெட்டியில் அவள் எழுதுவதையெல்லாம் படிப்பான். நிரல் மட்டும் அவனுக்கு ஒரு மண்ணும் புரியாது. அந்த விளையாட்டில் தம்பி தினமும் பூத வேட்டைக்குப் போகிற வழியில் ஒரு சமையலறை உண்டு. அவள் ஒற்றைக் கையால் அந்த அறையின் ரீசெட்டைத் திருத்தினாள். பூட்டிய கதவு. கை முறிந்து தரையில் கிடக்கும் ஒரு பெண். ஒழுகும் குழாயில் ஒரு நீலத் துணி. போன தடவை வந்தபோது அவள் வீட்டுக் குழாயில் தம்பியே கட்டிவிட்ட துணி அது.

சற்று நேரத்தில் தம்பியின் செய்தி வந்தது.

"அக்கா, இங்க ஒரு பொம்பள கை ஒடிஞ்சு கிடக்கா. தூக்கி வெளிய விட்டாலும் திரும்ப இங்கயே வந்து கிடக்கா. ரீசெட்ல ஏதாவது தப்பா?"

புருஷன் எட்டிப் பார்த்தான். "யாரு ஒடிச்சது?"

"பூதம்தான்."

"பலே பூதம்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தான்.

அவள் தம்பிக்கு எழுதினாள்: "தப்பு இல்லடா. அங்க எப்பவும் இப்படித்தான்."

"குழாய்ல நீலத் துணி வேற..."

அவ்வளவுதான். தம்பி விளையாட்டை விட்டு வெளியேறிவிட்டான். புரிந்துதான் போனானா, சலித்துப் போனானா? திரையில் அந்தப் பெண் மறுபடி விழுந்தாள். அப்புறம் இன்னொரு முறை விழுந்தாள்.

வாசல் கதவு கடப்பாரையால் பிளந்தது. புருஷன் கத்தியோடு பாய்ந்து தம்பியின் தோளைக் கிழித்தான். தம்பி இரும்பை வீசினான். முழங்கால் நொறுங்கிப் புருஷன் ரத்தத்தில் உருண்டான். அப்போதும் பழக்கம் போகவில்லை.

"கதவப் பாருடி! சரி பண்ணி வை!" என்று அலறினான்.

"கிடக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும்" என்றாள் அவள். ஒடிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நொறுங்கிய போனின் கண்ணாடிச் சில்லுகளைத் தாண்டி, தம்பியோடு வெளியே போனாள்.